பல்லாயிரம் புகைப்படங்களை டேட்டாபேஸ் அப்ளிகேஷனில் சேமித்துக் காட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நூறு படங்கள் இருக்கும்வரை எப்படிச் சேமித்தாலும் ஓடும். உறுப்பினர் பதிவேடோ, பொருள் பட்டியலோ, அருங்காட்சியகச் சேகரிப்போ, படங்கள் சில ஆயிரங்களைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பத்தில் எடுத்த முடிவின் பலன் தெரியும். ஃபார்ம் திறக்க அரை நிமிடமாகும். பேக்கப் விடிய விடிய ஓடும். ஒருநாள் டேட்டாபேஸ் புதிய பதிவையே ஏற்காது.

கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்: மூலப்படம் ஃபைலாக வட்டில் இருக்கட்டும், அதைப் பற்றிய தகவலும் அதன் சிறு உருவமும் டேட்டாபேஸில் இருக்கட்டும், பட்டியலைக் காட்டும்போது மூலப்படத்தைத் தொடவே கூடாது.

படி 1: கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று உருவங்கள் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது மூலப்படம், சராசரியாக 4 எம்பி. இரண்டாவது, ஒரு படத்தைத் திறந்து பார்க்கும்போது காட்ட, நீண்ட பக்கம் 1600 பிக்சல் கொண்ட பார்வைப் படம். ஜேபெக் தரம் 80-இல் சுமார் 300 கேபி வரும். மூன்றாவது, பட்டியலுக்கான தம்ப்நெயில். நீண்ட பக்கம் 320 பிக்சல், சுமார் 15 கேபி. 50,000 படங்களுக்கு மூலங்கள் 200 ஜிபி, பார்வைப் படங்கள் 15 ஜிபி, தம்ப்நெயில்கள் 750 எம்பி. ஆக, தம்ப்நெயில்கள் மட்டும் டேட்டாபேஸுக்குள் வசதியாக அடங்கும்.

இன்னொரு கணக்கைப் பலர் போடுவதில்லை. 4000 × 3000 பிக்சல் படம் வட்டில் 4 எம்பிதான். ஆனால் திரையில் காட்ட அதை விரிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் ஆகும்: 4000 × 3000 × 4, அதாவது 48 எம்பி. ஒரு பக்கத்தில் 20 படங்களை மூல அளவிலேயே ஏற்றி, திரையில் மட்டும் சிறிதாகக் காட்டினால் 960 எம்பி நினைவகம் போய்விடும். அப்ளிகேஷன் உறைந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டேட்டாபேஸின் மீது பழி போட்டு இன்டெக்ஸ்களை (தேடலை விரைவாக்கும் அட்டவணைகள்) மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. 320 × 240 தம்ப்நெயில் விரிந்த பிறகும் 300 கேபிதான்.

படி 2: உள்ளேயா வெளியேயா என்று முடிவெடுங்கள்

இது பழைய விவாதம். ஆனால் அளவெடுத்துப் பார்த்த எண்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் 2006-இல் எஸ்க்யூஎல் சர்வரை வைத்துச் செய்த ஆய்வில், 256 கேபிக்குக் குறைவானவற்றை டேட்டாபேஸ் நன்றாகக் கையாண்டது. 1 எம்பிக்கு மேற்பட்டவற்றை ஃபைல் அமைப்பு நன்றாகக் கையாண்டது. இடைப்பட்டவை பயன்பாட்டைப் பொறுத்தவை. எஸ்க்யூலைட் குழுவினரின் சோதனையில் எல்லை இன்னும் தாழ்வு: சுமார் 100 கேபிக்குக் கீழே டேட்டாபேஸிலிருந்து படிப்பது வேகம், அதற்கு மேலே தனி ஃபைல் வேகம். நம் மூன்று உருவங்களை இதில் பொருத்திப் பாருங்கள். தம்ப்நெயில் உள்ளே, மூலம் வெளியே. 300 கேபி பார்வைப் படமும் வெளியே இருப்பதுதான் நல்லது.

வேகத்தைவிட, ஒவ்வொரு டேட்டாபேஸும் விதித்திருக்கும் வரம்புகள்தான் பலரை மாட்டிவிடுகின்றன:

- மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்: முழு ஃபைலும் சேர்ந்து 2 ஜிபி. படங்களை ஓஎல்இ ஆப்ஜெக்ட் (பிற நிரல்களின் ஃபைலை உள்ளே பதிக்கும் வகை) வகையில் செருகினால், ஜேபெக்கோடு அதன் சுருக்கப்படாத பிட்மேப் உருவமும் சேர்ந்துவிடலாம். 1.2 கோடி பிக்சல் படத்துக்கு அந்தப் பிட்மேப் மட்டும் 36 எம்பி. அப்படிப்பட்ட 55 படங்களிலேயே 2 ஜிபி நிறைந்துவிடும்.
- எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்: 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி, 2025 பதிப்பில் 50 ஜிபி. 2008 பதிப்பில் வந்த ஃபைல்ஸ்ட்ரீம் வசதியில் (பைட்டுகளை வட்டில் ஃபைலாக வைத்து டேட்டாபேஸே நிர்வகிப்பது) வைக்கும் படங்கள் இந்தக் கணக்கில் சேராது. அந்தத் தளத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல நடுவழி.
- மைஎஸ்க்யூஎல்: படத்தின் பைட்டுகளை வைக்கும் இடத்தை வெறும் பிளாப் வகை என்று அறிவித்தால் 65,535 பைட்டுதான் கொள்ளும். அளவு மீறினால் பிழை காட்டும் கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைந்திருந்தால் மிச்சத்தை வெட்டிவிட்டுச் சேமித்துவிடும்; படத்தின் மேல்பகுதி மட்டும் தெரிந்து கீழே சாம்பல் நிறமாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். மீடியம்பிளாப் 16 எம்பி வரை கொள்ளும்.
- போஸ்ட்கிரெஸ்: பைட்டியா வகை 1 ஜிபி வரை. சுமார் 2 கேபிக்கு மேல் போகும் வரிசைகளின் பெரிய மதிப்புகளைத் தானே தனி இடத்துக்கு நகர்த்திவிடும். அதனால் பிரதான டேபிள் அவ்வளவாக வீங்காது.

எந்தத் தளமானாலும் படத்தை பேஸ்64 எழுத்துகளாக மாற்றிச் சேமிக்க வேண்டாம். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். பலன் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் உள்ளேயே வைப்பது சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. ஆளுக்கு ஒரு 40 கேபி அடையாளப் படம், கைபேசிச் செயலிக்கான ஒற்றை எஸ்க்யூலைட் ஃபைல் போன்றவற்றில் தயங்காமல் உள்ளே வையுங்கள். ஒரே ஃபைலை நகலெடுத்தால் எல்லாமே வந்துவிடும் என்ற வசதியைச் சிறிய சேகரிப்பில் இழக்க வேண்டியதில்லை.

படி 3: டேபிள்களை அமையுங்கள்

மூன்று டேபிள்கள் போதும்.

முதலாவது படங்கள் டேபிள். ஒரு வரிசை (ரோ), ஒரு படம்: எண், ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம், படி 4-இல் வரும்), மூல ஃபைலின் பெயர், வகை, பைட் அளவு, அகலம், உயரம், எடுத்த நேரம், சேர்த்த நேரம், நீக்கப்பட்ட நேரம். ஹேஷ் பத்திக்கு (டேபிளின் நெடுக்குக் கட்டம்) ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத யுனிக் இன்டெக்ஸ் கட்டாயம். அகலமும் உயரமும் எதற்கு என்று தோன்றலாம். படம் வந்து சேரும் முன்பே அதற்கான இடத்தைத் திரையில் ஒதுக்க அவை வேண்டும்.

இரண்டாவது தம்ப்நெயில் டேபிள்: பட எண், தம்ப்நெயிலின் பைட்டுகள். இதைப் படங்கள் டேபிளிலேயே ஒரு பத்தியாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். தகவலை மட்டும் தேடும் ஒவ்வொரு கேள்வியும் (கொரி) அந்தப் பைட்டுகளுக்கு இடையே புகுந்து போக வேண்டியிருக்கும். எஸ்க்யூலைட்டில் இது இன்னும் கடுமை: பெரிய பிளாபுக்கு அடுத்து இருக்கும் பத்தியைப் படிக்க, அந்தப் பிளாப் பரவியிருக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் போகும். ஒரே டேபிளில் வைத்தே தீர வேண்டுமென்றால் பிளாபைக் கடைசிப் பத்தியாக வையுங்கள்.

மூன்றாவது இணைப்பு டேபிள்: பொருளின் எண், பட எண், காட்டும் வரிசையின் எண், தலைப்பு. "படம்1, படம்2, படம்3" என்று பொருள் டேபிளிலேயே பத்திகள் போட்டுவிட்டு, நான்காவது படம் வரும்போது விழிப்பதை இது தவிர்க்கும். ஒரே படம் இரண்டு பொருள்களுக்குப் பயன்படும்போதும் ஃபைல் ஒன்றே இருக்கும்.

முழுப் பாதையை எந்த டேபிளிலும் எழுதாதீர்கள். படங்களின் தலைமை ஃபோல்டர் எது என்பது அமைப்புகளில் ஒரே ஓர் இடத்தில் இருக்கட்டும். டிரைவ் எழுத்து மாறினாலோ சர்வர் மாறினாலோ அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

படி 4: ஃபைல் பெயரும் ஃபோல்டரும்

ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் கணக்கிட்டு, அந்த 64 எழுத்துகளையே ஃபைல் பெயராக வையுங்கள். ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு பெயர்களில் ஏற்றினாலும் ஹேஷ் ஒன்றாகவே இருக்கும். இரட்டிப்பு தானாகவே பிடிபடும். ஃபைல் பிற்பாடு கெட்டுப்போயிருக்கிறதா என்பதையும் மறுபடி கணக்கிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

ஹேஷின் முதல் இரண்டு எழுத்துகளை ஃபோல்டர் ஆக்குங்கள். 7309 என்று தொடங்கும் படம் 73 என்ற ஃபோல்டரில் போகும். இதில் 256 ஃபோல்டர்கள் உருவாகும். 50,000 படங்கள் என்றால் ஃபோல்டருக்கு சுமார் 195. பல லட்சங்களுக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த இரண்டு எழுத்துகளை உள் ஃபோல்டராக்குங்கள்: 73, அதற்குள் 09. அப்போது 65,536 ஃபோல்டர்கள். ஒரே ஃபோல்டரில் லட்சம் ஃபைல்களைக் கொட்டினாலும் ஃபைல் அமைப்பு தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறக்கும் மனிதருக்கும் பேக்கப் கருவிக்கும் அது பெரும் தலைவலி.

பயனர் வைத்த பெயரையே ஃபைல் பெயராக வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. "பொம்மை" என்று ஒரு ஃபைலுக்குப் பெயரிடுகிறீர்கள். அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; பைட்டுகள் வேறு. மேக் கணினிகளின் பழைய ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். டேட்டாபேஸில் ஒருவிதமாகவும் வட்டில் இன்னொரு விதமாகவும் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் ஃபைலை அப்ளிகேஷன் "இல்லை" என்று சொல்லும். எத்தனை முறை பெயரைப் படித்துப் பார்த்தாலும் தவறு தெரியாது. வட்டில் ஹேஷ் பெயர் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. மூலப் பெயரை டேட்டாபேஸ் பத்தியில் எழுதும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு குறியீடுகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். தேடல் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றித் தேடுங்கள்.

படி 5: படத்தை உள்ளே எடுக்கும் வரிசை

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு.

1. வரும் ஃபைலை, படங்கள் இருக்கும் அதே டிரைவில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் எழுதுங்கள். அதே டிரைவ் என்பது முக்கியம். பெயர் மாற்றி நகர்த்துவது ஒரே டிரைவுக்குள் மட்டுமே ஒரே வீச்சில் நடக்கும்; வேறு டிரைவுக்கு என்றால் அது நகலெடுப்பு. பாதியில் மின்சாரம் போனால் பாதி ஃபைல்தான் மிஞ்சும்.
2. விரிவுப் பெயரை நம்பாமல் முதல் சில பைட்டுகளைப் பார்த்து உண்மையான வகையை உறுதிசெய்யுங்கள். ஐஃபோன்கள் 2017 முதல் ஹெச்இஐசி வடிவில் படமெடுக்கின்றன; வெறும் பெயர் மாற்றம் செய்து "ஜேபிஜி" ஆக்கப்பட்ட ஹெச்இஐசி படங்கள் நிறையவே வரும்.
3. தலைப்பகுதியிலிருந்து அகலம், உயரத்தை மட்டும் படித்து, ஒரு வரம்புக்கு மேலிருந்தால் நிராகரியுங்கள். சில கேபி ஃபைல் ஒன்று விரியும்போது பல ஜிபி நினைவகம் கேட்கும்படி செய்ய முடியும். பைத்தானின் பில்லோ நூலகம் சுமார் 8.9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், அதன் இரு மடங்கில் நிறுத்திவிடும்.
4. ஹேஷ் கணக்கிட்டு, ஏற்கெனவே இருந்தால் இணைப்பு டேபிளில் மட்டும் வரிசை சேர்த்து முடித்துவிடுங்கள்.
5. கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலைப் படியுங்கள். எடுத்த நேரம் "2019:05:14 10:22:31" என்று தேதிக்கும் முக்காற்புள்ளிகளோடு இருக்கும்; அப்படியே கொடுத்தால் பல டேட்டாபேஸ்கள் ஏற்காது. நேர மண்டலமும் பெரும்பாலும் இருக்காது, எனவே மண்டலமற்ற நேரமாகவே சேமியுங்கள்.
6. தம்ப்நெயிலும் பார்வைப் படமும் உருவாக்குங்கள்.
7. ஃபைல்களை இறுதி இடத்துக்கு நகர்த்துங்கள்.
8. கடைசியாக, ஒரே டிரான்சாக்‌ஷனில் (எல்லாம் சேர்ந்து நிறைவேறும் அல்லது எதுவுமே நிறைவேறாத தொகுப்பு) மூன்று டேபிள்களிலும் எழுதுங்கள்.

இந்தப் பட்டியலின் எட்டாவது வேலை தோற்றால், யாரும் சுட்டாத ஒரு ஃபைல் வட்டில் மிஞ்சும். இடம்தான் கொஞ்சம் வீண். மாறாக, டேட்டாபேஸில் முதலில் எழுதி ஃபைல் தோற்றால், பயனருக்கு உடைந்த படம் தெரியும். நீக்கும்போது இதற்கு நேர்மாறு: முதலில் டேபிள் வரிசை, பிறகு ஃபைல்.

படி 6: தம்ப்நெயில் தரமாக வர

கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தில் பிக்சல்கள் பெரும்பாலும் படுக்கையாகவே சேமிக்கப்படும். "காட்டும்போது திருப்பு" என்ற குறிப்பு மட்டும் எக்ஸிஃப் ஓரியன்டேஷனில் இருக்கும். மதிப்பு 1 என்றால் நேர், 3 என்றால் 180 பாகை, 6 என்றால் வலப்புறமாக 90, 8 என்றால் இடப்புறமாக 90. தம்ப்நெயில் கருவி எக்ஸிஃபைக் களைந்துவிட்டு பிக்சல்களைத் திருப்பாமல் விட்டால் எல்லாரும் படுத்துக்கொண்டிருப்பார்கள். பிக்சல்களைத் திருப்பிவிட்டு 6 என்ற குறிப்பையும் விட்டுவைத்தால் மறுபடியும் ஒருமுறை திரும்பும். எனவே திருப்புங்கள், குறிப்பை நீக்குங்கள், இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். டேபிளில் எழுதும் அகலமும் உயரமும் திருப்பிய பிறகான அளவாக இருக்கட்டும். 5 முதல் 8 வரையுள்ள மதிப்புகளில் அவை இடம் மாறும்.

நிறம் வெளிறித் தெரிந்தால், கலர் புரொஃபைல் (நிற எண்களை எப்படிப் படிப்பது என்னும் குறிப்பு) காணாமல் போயிருக்கிறது. டிஸ்ப்ளே பி3 அல்லது அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் இருக்கும் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய பிறகே புரொஃபைலைக் களைய வேண்டும்.

எக்ஸிஃபுக்குள் கேமராவே வைத்த சிறிய தம்ப்நெயில் ஒன்று இருக்கும். வேகத்துக்காக அதை எடுத்துப் பயன்படுத்தத் தோன்றும். வேண்டாம். வெறும் 160 × 120 அளவில் இருக்கும். அதைவிட மோசம், சில மென்பொருள்கள் படத்தை வெட்டிய பிறகும் அதைப் புதுப்பிப்பதில்லை. வெட்டி நீக்கிய பகுதி அதில் தெரிந்துகொண்டே இருக்கும். பொதுவில் காட்டும் உருவங்களில் இதையும் ஜிபிஎஸ் தகவலையும் கட்டாயம் நீக்குங்கள்.

வேகம் வேண்டுமானால் வேறு நல்ல வழி இருக்கிறது. ஜேபெக்கை விரிக்கும்போதே அரை, கால், அரைக்கால் அளவில் விரிக்க முடியும். 4000 பிக்சல் படத்தை அரைக்கால் அளவில் விரித்து 500 ஆக்கி, அதிலிருந்து 320-க்குக் குறைத்தால் நேரமும் நினைவகமும் வெகுவாகக் குறையும். லிப்விப்ஸ் கருவியின் தம்ப்நெயில் கட்டளை இதைத் தானே செய்கிறது. பில்லோவின் தம்ப்நெயில் முறையும் அப்படியே; ரீசைஸ் பயன்படுத்தினால் முதலில் டிராஃப்ட் என்ற முறையை அழைக்க வேண்டும்.

படி 7: திரையில் காட்டுதல்

பட்டியலுக்கான கேள்வியில் தேவையான பத்திகளை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள்; நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இழுக்காதீர்கள். பக்கம் பக்கமாகக் காட்ட ஆஃப்செட் பயன்படுத்தினால் முதல் பக்கங்கள் பறக்கும், நானூறாவது பக்கம் நொண்டும். ஆஃப்செட் 40,000 என்றால் டேட்டாபேஸ் 40,000 வரிசைகளை எடுத்து எண்ணித் தூக்கியெறிந்த பிறகே உங்களுக்கு வேண்டிய 100-ஐத் தரும். அதற்குப் பதில், கடைசியாகக் காட்டிய படத்தின் சேர்த்த நேரத்தையும் எண்ணையும் நினைவில் வைத்து, "இதற்கு அடுத்த 100" என்று கேளுங்கள். அந்த இரண்டு பத்திகளுக்கும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் இருந்தால் எந்தப் பக்கமும் ஒரே வேகத்தில் வரும். எண்ணையும் சேர்ப்பது ஏனென்றால், மொத்தமாக ஏற்றிய படங்களுக்குச் சேர்த்த நேரம் ஒன்றாகவே இருக்கலாம். நேரத்தை மட்டும் நம்பினால் இடையில் சில படங்கள் விடுபட்டுப்போகும்.

இணையப் பக்கமென்றால் ஒவ்வொரு பட டேகிலும் அகலம், உயரம் எழுதுங்கள். இல்லாவிட்டால் படங்கள் வரவர பக்கம் குதிக்கும். திரைக்குக் கீழே இருப்பவற்றுக்கு, அருகே வரும்போது மட்டும் ஏற்றும் லேசி லோடிங் போடுங்கள். முகவரியில் ஹேஷ் இருப்பதால் உள்ளடக்கம் மாறவே மாறாது. எனவே ஓராண்டு, அதாவது 31,536,000 விநாடி கேஷ் காலமும் (உலாவி படத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் காலம்) "மாறாது" என்னும் இம்யூட்டபிள் குறிப்பும் தயங்காமல் கொடுக்கலாம். பின்னாளில் தம்ப்நெயில் அளவையோ தரத்தையோ மாற்றும் எண்ணம் இருந்தால் முகவரியில் ஒரு பதிப்பு எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் அப்ளிகேஷனில், கண்ணுக்குத் தெரியும் வரிசைகளையும் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை அளவையும் மட்டும் ஏற்றுங்கள். விரிக்கும் வேலை பின்னணியில் நடக்கட்டும். பயனர் வேகமாக ஸ்க்ரோல் செய்து தாண்டிய படங்களுக்கான வேலையை ரத்துசெய்யாவிட்டால், அவர் நின்ற இடத்துக்கான படங்கள் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் காத்துக்கிடக்கும். கேஷுக்குப் படங்களின் எண்ணிக்கையில் இல்லாமல் எம்பியில் வரம்பு வையுங்கள்.

டாட்நெட்டில் இமேஜ் ஃபிரம்ஃபைல் மூலம் திறந்த ஃபைல், அந்தப் படத்தை விடுவிக்கும்வரை பூட்டியே இருக்கும். "வேறு நிரல் பயன்படுத்துகிறது" என்று நீக்கம் தோற்பது இதனால்தான். ஸ்ட்ரீமில் திறந்து, புதிய பிட்மேப்பாக நகலெடுத்துக்கொண்டு, மூலத்தை மூடிவிடுங்கள்.

ஆக்சஸில் தொடர் ஃபார்மில் எல்லா வரிசையிலும் ஒரே படம் தெரிகிறது என்பது அடிக்கடி வரும் புகார். ஒரு வரிசைக்கு நகரும்போது ஓடும் கரன்ட் நிகழ்வில் நிரல் எழுதி இமேஜ் கன்ட்ரோலுக்குப் பாதை கொடுத்தால் அப்படித்தான் ஆகும். பார்வைக்கு ஐம்பது கன்ட்ரோல்கள் போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வரையப்படுகிறது. ஆக்சஸ் 2007 முதல் இமேஜ் கன்ட்ரோலுக்கு கன்ட்ரோல் சோர்ஸ் பண்பு உண்டு. தலைமை ஃபோல்டரையும் ஃபைல் பெயரையும் சேர்த்து முழுப் பாதையாகத் தரும் ஒரு கணக்கிட்ட பத்தியை கொரியில் உருவாக்கி அதில் இணையுங்கள்; ஒவ்வொரு வரிசைக்கும் அதனதன் படம் வரும். பாதை தம்ப்நெயில் ஃபைலுக்குப் போகட்டும். ஆக்சஸில் மட்டும் தம்ப்நெயிலையும் வெளியே வைப்பதே சுலபம்.

படி 8: பேக்கப்

முதலில் டேட்டாபேஸ், பிறகு படங்கள். இந்த வரிசையில் எடுத்தால், பேக்கப்பில் உள்ள டேட்டாபேஸ் சுட்டும் ஒவ்வொரு ஃபைலும் படங்களின் பேக்கப்பில் இருக்கும். இடையே புதிதாகச் சேர்ந்த சில ஃபைல்கள் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மாற்றி எடுத்தால், டேட்டாபேஸில் இருந்தும் ஃபைல் இல்லாத படங்கள் வரும். இடையில் யாராவது படத்தை நீக்கினால்? அதற்காகத்தான் நீக்கப்பட்ட நேரம் என்ற பத்தி. நீக்கியதாகக் குறித்துவிட்டு, 30 நாள் கழித்தே வரிசையையும் ஃபைலையும் உண்மையாக அழியுங்கள்.

வாரம் ஒருமுறை இரண்டு பட்டியல்கள் எடுங்கள்: வரிசை இருந்து ஃபைல் இல்லாதவை, ஃபைல் இருந்து வரிசை இல்லாதவை. இரண்டாவதில் ஒரு நாளுக்கு மேல் பழையதை மட்டும் அழியுங்கள். புதியது இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கும் படமாக இருக்கலாம். தினமும் 1,700 ஃபைல்களின் ஹேஷை மறுபடி கணக்கிட்டால் 50,000 படங்களையும் மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்துவிடலாம். வட்டு கெடத் தொடங்குவது இதில்தான் முதலில் தெரியும், நல்ல பிரதி பேக்கப்பில் இருக்கும்போதே.

படி 9: ஏற்கெனவே உள்ளே இருக்கும் படங்களை வெளியே எடுப்பது

முழு நகல் ஒன்றை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். 500 படங்கள் வீதம் எடுத்து, ஐந்தாம் படியில் சொன்ன வழியிலேயே உள்ளே அனுப்புங்கள். ஆக்சஸின் ஓஎல்இ பத்தியிலிருந்து வரும் பைட்டுகளுக்கு முன்னால் ஓஎல்இ உறை ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே ஜேபிஜி என்று சேமித்தால் எந்த மென்பொருளும் திறக்காது. ஜேபெக்கின் தொடக்க அடையாளத்தைத் தேடி, அங்கிருந்து வெட்டி எடுக்க வேண்டும்.

எல்லாம் வெளியே வந்து, வட்டிலுள்ள ஒவ்வொரு ஃபைலின் ஹேஷும் டேபிளோடு பொருந்திய பிறகே பழைய பத்தியைக் காலிசெய்யுங்கள். காலிசெய்ததும் ஃபைல் அளவு குறையாமல் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். டேட்டாபேஸ் அந்த இடத்தைத் தன் கையிருப்பாக வைத்துக்கொள்ளும். ஆக்சஸில் கம்பேக்ட் அண்ட் ரிப்பேர், எஸ்க்யூலைட்டில் வேக்யூம் கட்டளை கொடுத்தால்தான் சுருங்கும். வேக்யூமுக்கு மூல டேட்டாபேஸின் அளவில் இரு மடங்கு வரை காலி இடம் தேவைப்படலாம். 60 ஜிபி ஃபைலைச் சுருக்கும் முன் வட்டில் 120 ஜிபி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.